சுவரில் அளந்து பார்த்த ஸ்டெப்பர் மோட்டர்கள்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகப் படகுகளிலிருந்து என் மேசைக்கு வரும் சாமான்களில் பெரும்பாலானவை உப்புக்காற்று தின்ற சேர்க்கிட் போர்ட்கள்தான். மீன் தேடும் கருவியின் பவர் போர்ட், பற்றரி சார்ஜர், மாஸ்ட் விளக்குக்குள் இருக்கும் கட்டைவிரல் அளவு போர்ட் என்று ஏதாவது ஒன்று பச்சை பூத்து, செம்புக் கோடுகள் கரைந்து வந்து சேரும். அதே மாதிரி புதிய போர்ட் தேடினால் அந்த மாடலையே நிறுத்தி ஆண்டுக்கணக்காகியிருக்கும். அதனால் செம்புத் தகட்டை நானே செதுக்கி போர்ட் செய்வதற்கு, கணினி சொல்லும் வழியில் வெட்டும் ஒரு சின்ன சிஎன்சி இயந்திரம் கட்டினேன். வேலை மேசை 300க்கு 180 மில்லிமீற்றர். மூன்று அச்சு (எக்ஸ், வை கிடையாக, இசட் மேலும் கீழும்), அவற்றுக்கு மூன்று ஸ்டெப்பர் மோட்டர், அதாவது ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும் மோட்டர்.

சட்டம் கட்டியது, தண்டவாளம் நேராக்கியது எல்லாம் இன்னொரு நாளைக்கு. இங்கே சொல்லப்போவது மோட்டர் தெரிவு செய்த விதத்தை மட்டும்தான். கடைகளிலும் இணையத்திலும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கரோடு கிடைக்கும் மோட்டர்களுக்கிடையில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதை ஒரு கண்ணாடித் துண்டும் லேசர் விளக்கும் எனக்குக் காட்டித் தந்தன. அந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்யலாம்.

முதலில் வேலைக்கு என்ன துல்லியம் வேண்டும் என்று பார்ப்போம். சாதாரண போர்ட்டில் செம்புப் படலத்தின் தடிப்பு 0.035 மில்லிமீற்றர். நுனி 0.1 மில்லிமீற்றர் உள்ள 30 பாகை வி வடிவ வெட்டியை 0.1 மில்லிமீற்றர் ஆழம் இறக்கினால் சுமார் 0.15 மில்லிமீற்றர் அகலமான கோடு விழும். நான் செய்யும் போர்ட்களில் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் போதும். ஆக, இருநூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் பிசகினால் பரவாயில்லை, பத்தில் ஒரு பங்கு பிசகினால் போர்ட் குப்பைக்குத்தான்.

இந்தக் கணக்கில் மோட்டருக்கு முன்னால் வருவது ஸ்குரூ. மோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். டி8 வகை ஸ்குரூ, 8 மில்லிமீற்றர் தடிப்பானது, ஒரு சுற்றுக்கு 2, 4, 8 மில்லிமீற்றர் என்று மூன்று விதமாகவும் கிடைக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டர் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 பாகை, அதாவது சுற்றுக்கு 200 ஸ்டெப். 8 மில்லிமீற்றர் ஸ்குரூவில் ஒரு முழு ஸ்டெப் 0.04 மில்லிமீற்றர், 4இல் 0.02, 2இல் 0.01.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் 2 மில்லிமீற்றர் ஸ்குரூ போட்டால் முடிந்ததே என்று தோன்றும். அங்கேதான் வேகம் குறுக்கே வருகிறது. வெட்டாத நேரத்தில் மேசை நிமிடத்துக்கு 2000 மில்லிமீற்றர் ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். 2 மில்லிமீற்றர் ஸ்குரூவில் அது நிமிடத்துக்கு 1000 சுற்று. ஸ்டெப்பர் மோட்டருக்கு அது வேகம் அதிகம், டோர்க், அதாவது சுற்றும் பலம், வெகுவாக விழுந்திருக்கும். அதோடு என்னிடம் இருந்தது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்ட்டில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள். மோட்டரை நகர்த்தும் மின் துடிப்பை, அதாவது பல்ஸை, அது செக்கனுக்கு சுமார் 30,000 தடவைதான் தரும். ஸ்டெப்பைப் பதினாறு மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்து ஓட்டினால் 2 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு மில்லிமீற்றருக்கு 1600 பல்ஸ். நிமிடத்துக்கு 1000 மில்லிமீற்றர் போகவே செக்கனுக்கு 26,667 பல்ஸ் வேண்டும். ஊனோ மூச்சு வாங்கும். 4 மில்லிமீற்றர் ஸ்குரூவில் மில்லிமீற்றருக்கு 800 பல்ஸ், மோட்டர் 2000 மில்லிமீற்றர் வேகத்துக்கு 500 சுற்று சுற்றினால் போதும். பல்ஸ் கணக்கு அதே 26,667தான் வருகிறது, ஆனால் வேகம் இரட்டிப்பு. எக்ஸ், வைக்கு 4, மெதுவாக ஏறி இறங்கும் இசட்டுக்கு 2 என்று முடிவு செய்தேன்.

0.9 பாகை மோட்டர், அதாவது சுற்றுக்கு 400 ஸ்டெப் உள்ளது, நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். நல்ல சாமான்தான். ஆனால் அதே வேகத்துக்கு இரண்டு மடங்கு பல்ஸ் கேட்கும், ஊனோவால் முடியாது. 32 பிட் கட்டுப்பாட்டு போர்ட் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

சரி, இனி மோட்டர்.

நெமா 17 என்று கேட்டு வாங்குகிறோம். அந்த 17 சொல்வது முகப்புத் தகட்டின் அளவை மட்டும்தான்: 1.7 அங்குலம், சுமார் 42 மில்லிமீற்றர் சதுரம், எம்3 ஓட்டைகளுக்கு இடையே 31 மில்லிமீற்றர். பலம் எவ்வளவு, கொயில் எப்படி, தரம் என்ன என்று அந்த இலக்கத்தில் ஒன்றுமே இல்லை. அமெரிக்க மின்சாதன உற்பத்தியாளர் சங்கம் போட்ட அளவு அது, பூட்டுவதற்கு மட்டும் உதவும். கடையில் நெமா 17 கொடுங்கள் என்று கேட்பது சப்பாத்தின் அளவை மட்டும் சொல்லிச் சப்பாத்து வாங்குவது போலத்தான்.

என்னோடு வேலை பழகும் தம்பி, "அண்ணை, 23 போட்டா பிரச்சினையே இல்லையே, பெரிசு தானே?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். நெமா 23இல் வழக்கமான ஒன்றில் ரோட்டரின், அதாவது உள்ளே சுற்றும் பகுதியின், சடத்துவம் 300 கிராம் சதுர சென்ரிமீற்றர் அளவில் இருக்கும், 40 மில்லிமீற்றர் நீளமான நெமா 17இல் 54 அளவில். ஒரு சின்ன வட்டம் வெட்டும்போது மேசை நொடிக்கு நொடி திசை திரும்ப வேண்டும். தன் சொந்த ரோட்டரைத் திருப்புவதிலேயே பெரிய மோட்டர் பலத்தைச் செலவழிக்கும். கரண்டும் அதிகம், கொயில்களுக்குக் கரண்ட் கொடுக்கும் ட்ரைவரும் பெரிதாக வேண்டும். எங்கள் வேலைக்கு எவ்வளவு டோர்க் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். செதுக்கும் விசையும் உராய்வும் சேர்த்து 20 நியூட்டன் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 4 மில்லிமீற்றர் ஸ்குரூவில், திறனை நூற்றுக்கு 35 என்று எடுத்தால், வேண்டியது 3.6 நியூட்டன் சென்ரிமீற்றர்தான். 40 நியூட்டன் சென்ரிமீற்றர் நெமா 17 தாராளம்.

தாராளம் என்று சொன்னேன், அந்த 40ஐ அப்படியே நம்பிவிட முடியாது. தகவல் தாளில் போடும் ஹோல்டிங் டோர்க் இரண்டு கொயிலுக்கும் ஒரே நேரத்தில் முழுக் கரண்ட் கொடுத்து, மோட்டர் நின்றுகொண்டிருக்கும்போது அளந்தது. மைக்ரோஸ்டெப்பில் ஓடும்போது ஒரு கொயிலில் கரண்ட் ஏற மற்றதில் இறங்கும். உச்சக் கரண்டை மோட்டரின் இலக்கத்துக்குச் சமமாக வைத்தால் கிடைப்பது சுமார் 71 வீதம், அதாவது 28. அதுவும் நிற்கும்போது. சுற்ற ஆரம்பித்ததும் வேகத்தோடு சேர்ந்து விழும். நல்ல கொம்பனி வேகத்துக்கு எதிராக டோர்க் எப்படி விழுகிறது என்று ஒரு வளைகோடு போட்டுத் தரும், எந்த வோல்டேஜில் அளந்தது என்றும் எழுதியிருக்கும். அந்த வளைகோடு இல்லாத மோட்டரை நான் துல்லிய வேலைக்கு எடுப்பதில்லை.

ஏன் விழுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதித் தெரிவு முடிந்துவிடும். கொயிலில் கரண்ட் உடனே ஏறாது, இன்டக்டன்ஸ் தடுக்கும். 2.8 மில்லிஹென்றி கொயிலில் 1.7 அம்பியர் ஏற 12 வோல்டில் சுமார் 0.4 மில்லிசெக்கன் வேண்டும், 24 வோல்டில் அதில் பாதி. நிமிடத்துக்கு 500 சுற்றில் ஒரு முழு ஸ்டெப்புக்குக் கிடைக்கும் நேரமே 0.6 மில்லிசெக்கன்தான். 12 வோல்டில் கரண்ட் ஏறி முடிக்கவே அதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். சுற்றும் ரோட்டர் எதிர்த்துப் பிறப்பிக்கும் வோல்டேஜை இதில் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 12 வோல்ட், 0.4 அம்பியர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய நெமா 17 மோட்டர்கள் நிறையக் கிடைக்கும். கையில் 12 வோல்ட் சப்ளை இருப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம் போலத் தெரியும். அந்த வகையில் கொயில் 30 ஓம், இன்டக்டன்ஸ் 37 மில்லிஹென்றி வரை போகும். 24 வோல்ட் கொடுத்தாலும் கரண்ட் ஏற 0.6 மில்லிசெக்கனுக்கு மேல். மெதுவாகத் திரும்பும் கமரா தாங்கிக்கு அது நல்லது, நான் கட்டிய மாதிரி இயந்திரத்துக்கு உதவாது. இப்போதைய ட்ரைவர்கள் கரண்டை வெட்டி வெட்டிக் கட்டுப்படுத்துபவை. அவற்றோடு மோட்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்க்கவே வேண்டாம். 1.7 அம்பியரும் 1.5 ஓமும் உள்ள மோட்டருக்கு 2.6 வோல்ட் என்று எழுதியிருக்கும், அதை 24 வோல்ட் சப்ளையில் கவலையில்லாமல் ஓட்டலாம். பார்க்க வேண்டியவை அம்பியர், ஓம், மில்லிஹென்றி.

இனி கையிலிருந்த மோட்டர்கள். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி பஸ்ஸில் அனுப்பிவைத்த 17எச்எஸ்4401 என்று ஸ்டிக்கர் மட்டும் உள்ள, கொம்பனிப் பெயர் இல்லாத மோட்டர்கள் ஒரு பக்கம். அதே அளவில், தகவல் தாளும் தொடர் இலக்கமும் உள்ள, விலை கூடிய மோட்டர்கள் இன்னொரு பக்கம். பழைய போட்டோகொப்பி இயந்திரத்திலிருந்து கழற்றிய ஜப்பான் மோட்டர் ஒன்றும் இருந்தது.

முதல் சோதனைக்குச் சமையலறைத் தராசு போதும். 40 மில்லிமீற்றர் நீளமான நெமா 17 சுமார் 280 கிராம் இருக்க வேண்டும். செம்பும் இரும்பும் காந்தமும்தான் மோட்டர், அவற்றில் மிச்சம் பிடித்தால் எடை சொல்லிவிடும். பெயரில்லாத மோட்டர் 224 கிராம் காட்டியது. நீளம் அளந்தால் 40தான், அப்போ குறைந்தது உள்ளே இருக்கும் சாமான்.

அடுத்தது வயர் ஜோடி. வயர் நிறங்களை நம்பக்கூடாது, ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு மாதிரி. இரண்டு வயரின் நுனிகளை ஒன்றோடொன்று தொடவிட்டு ஷாஃப்டை விரலால் திருப்பினால், ஒரே கொயிலின் ஜோடி என்றால் ஷாஃப்ட் இறுகும், வேறு வேறு கொயில் என்றால் சும்மா சுற்றும். பிறகு மல்டிமீற்றரில் இரண்டு கொயிலும் ஒரே ஓம் காட்ட வேண்டும். ஒன்று 1.5, மற்றது 1.8 என்று வந்தால் அந்த மோட்டரைத் துல்லிய வேலையிலிருந்து ஒதுக்கிவிடலாம், இரண்டு கொயிலும் சமனில்லாமல் மைக்ரோஸ்டெப் சமனாக வராது.

ஹோல்டிங் டோர்க்கை அளக்க ட்ரைவர் தேவையில்லை. இரண்டு கொயிலையும் தொடராக இணைத்து, மேசைப் பவர் சப்ளையில் கரண்டை 1.7 அம்பியரில் நிறுத்தினேன், வோல்டேஜ் 5 சொச்சம் வரும். மோட்டரை ஷாஃப்ட் மேல் நோக்கியிருக்க வைஸில் பிடித்து, மையத்திலிருந்து சரியாக 10 சென்ரிமீற்றரில் ஓட்டை போட்ட அலுமினியக் கையை ஷாஃப்டில் பூட்டி, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கொளுவிக் கைக்குச் செங்குத்தாக, கிடையாக இழுத்தேன். கை கிடையாக இருப்பதால் அதன் எடை கணக்கில் சேராது. 40 நியூட்டன் சென்ரிமீற்றர் உண்மையென்றால் 408 கிராம் அளவில்தான் ரோட்டர் வழுக்கித் தாண்ட வேண்டும். தகவல் தாள் உள்ள மோட்டர் 400க்குக் கிட்டத் தாண்டியது. பெயரில்லாதது 270இல் விட்டுவிட்டது.

அது தாண்டும் விதத்தையும் கவனியுங்கள். ஸ்டெப்பர் மோட்டர் பிடி விட்டால் ஒரு ஸ்டெப் மட்டும் தவறாது, நாலு முழு ஸ்டெப் தாண்டித்தான் அடுத்த பிடிக்குப் போய் நிற்கும். கொயில்களின் காந்தச் சுழற்சி நாலு ஸ்டெப்புக்கு ஒரு தடவை திரும்ப வருவதுதான் காரணம். 4 மில்லிமீற்றர் ஸ்குரூவில் அது 0.08 மில்லிமீற்றர், 8 மில்லிமீற்றர் ஸ்குரூவில் 0.16. கட்டுப்பாட்டு போர்ட்டுக்கு இது நடந்ததே தெரியாது. மிச்சப் படம் முழுவதையும் இடம் மாறியே வெட்டி முடிக்கும். அதனால்தான் வேண்டியதைப் போலப் பல மடங்கு டோர்க் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது சுவர். இந்தச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஷாஃப்டின் பக்கத்தில் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். மோட்டரை மேசையில் அசையாமல் இறுக்கி, பக்கத்தில் சிவப்பு லேசர் பொயின்டரை கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதிர் கண்ணாடியில் பட்டு 4 மீற்றர் தள்ளியிருக்கும் சுவரில் விழுமாறு வைத்தேன். கதிர் யாருடைய கண் மட்டத்திலும் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், சின்னப் பிள்ளைகளை அந்த நேரம் அறைக்குள் விடவே கூடாது. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் கதிர் இரண்டு பாகை திரும்பும். ஆக ஒரு முழு ஸ்டெப்புக்குச் சுவரில் புள்ளி 25 சென்ரிமீற்றர் நகரும். பதினாறில் ஒரு பங்கு மைக்ரோஸ்டெப்புக்கு 15.7 மில்லிமீற்றர். மோட்டருக்குள் நடக்கும் பத்தில் ஒரு பாகை அசைவை வெறும் கண்ணால், அடிமட்டம் வைத்து அளக்கலாம்!

சுவரில் ஏ4 தாள்களை ஒரு மீற்றர் நீளத்துக்கு ஒட்டினோம். நாலு முழு ஸ்டெப், அதாவது 64 மைக்ரோஸ்டெப், அந்த ஒரு மீற்றருக்குள் அடங்கும். நான் ஒவ்வொரு பல்ஸாகக் கொடுக்க, தம்பி பென்சிலால் புள்ளியின் நடுவைக் குறித்துக்கொண்டு போனான். ட்ரைவர் டிஎம்சி 2209. அது மோட்டர் நின்றதும் கரண்டைத் தானாகக் குறைக்கும், குறைந்தால் அளவு கெட்டுவிடும். பிடிஎன் பின்னை லொஜிக் வோல்டேஜில் கட்டிவிட்டால் அது நடக்காது.

பெயரில்லாத மோட்டரைப் போட்டதும் தம்பிக்கே வித்தியாசம் பிடிபட்டது. "அண்ணை, இங்க பாருங்கோ, மூண்டு புள்ளி ஒட்டிக்கொண்டு நிக்குது. அடுத்தது துள்ளிப் போட்டுது." முழு ஸ்டெப் நிலைக்குக் கிட்ட வரும்போதெல்லாம் புள்ளிகள் 6, 7 மில்லிமீற்றர் இடைவெளியில் நெருங்கிக் குவிந்தன. நடுவில் 28 மில்லிமீற்றர் வரை தாவின. ரோட்டரின் சொந்தக் காந்தம் பல்லுக்குப் பல் இழுத்துப் பிடிக்கும் டிடென்ட் டோர்க் கூடினால் இப்படித்தான் நடக்கும். கொயிலின் பிடி குறைவாக இருந்தால் அந்த இழுப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். தகவல் தாள் உள்ள மோட்டரில் இடைவெளிகள் 13க்கும் 18க்கும் நடுவே நின்றன. நாலு முழு ஸ்டெப் நிலைகளையும் அளந்தால் 25 சென்ரிமீற்றருக்குச் சில மில்லிமீற்றர்தான் கூடக் குறைய. நல்ல மோட்டருக்கு ஸ்டெப் பிழை 5 வீதத்துக்குள் என்று தாளில் எழுதியிருக்கும், சுவரில் அது 12.6 மில்லிமீற்றர். அதற்குள்ளேயே இருந்தது. அந்தப் பிழை ஸ்டெப்புக்கு ஸ்டெப் கூடிக்கொண்டு போவதில்லை என்பதுதான் இந்த மோட்டர்களின் பெரிய குணம். ஒரு முழுச் சுற்று வந்தால் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும்.

ஜப்பான் மோட்டர் எல்லாவற்றையும் வென்றது. புள்ளிகள் அச்சடித்தது போல விழுந்தன. பழையது என்றாலும் பேரிங்கில் ஆட்டம் இல்லை, ஷாஃப்டைத் திருப்பினால் சத்தமே இல்லை. பழைய சாமான் எல்லாம் இப்படி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுப் பிரிண்டர்களில் வரும் தகரப் பெட்டி வகைச் சின்ன மோட்டர்களில் பல சுற்றுக்கு 48 ஸ்டெப்தான். அவற்றைத் துல்லிய வேலைக்கு எடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சுவரில் புள்ளிகள் குவிந்தால் குற்றம் மோட்டரில்தான் என்று உடனே முடிவு செய்யக்கூடாது. சில பழைய ட்ரைவர் சில்லுகள் கரண்ட் பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் சரியாகக் கட்டுப்படுத்தாமல் சில மைக்ரோஸ்டெப்பை விழுங்கிவிடும். அதே மோட்டரை வேறு ட்ரைவரில் போட்டுப் பாருங்கள். குவியல் கூடவே வந்தால் மோட்டர், மாறிவிட்டால் ட்ரைவர். மோட்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டே வயரைக் கழற்ற வேண்டும். ஓடும் மோட்டரின் வயரைப் பிடுங்கினால் கொயில் எறியும் வோல்டேஜில் ட்ரைவர் செத்துப்போகும்.

இந்தக் குவியல் என் இயந்திரத்தில் எவ்வளவு பிழையாகும் என்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 4 மில்லிமீற்றர் ஸ்குரூவில் முழு ஸ்டெப்பே 0.02 மில்லிமீற்றர், அதில் கால் பங்கு பிசகினால் 0.005. கோட்டின் இடத்தை அது கெடுக்காது. கெடுப்பது நடுக்கம். ரோட்டர் ஒட்டி ஒட்டித் துள்ளும்போது மேசையும் துள்ளும். நிமிடத்துக்கு 120 மில்லிமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 100 முழு ஸ்டெப்பில், பெயரில்லாத மோட்டர் உறுமத் தொடங்கியது. ஸ்டெப்பர் மோட்டர்கள் இயல்பாகவே அதிரும் வேக எல்லைக்குள்தான் அது வருகிறது. வெட்டிய கோட்டின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ரம்பம் மாதிரி, வெட்டியின் 0.1 மில்லிமீற்றர் நுனியும் உடைந்திருந்தது. அதே கோட்டைத் தாளுள்ள மோட்டரில், அதே வேகத்தில் வெட்டியபோது ஓரம் வழவழப்பு.

ஆகவே எக்ஸ், வைக்குத் தகவல் தாள் உள்ள 40 மில்லிமீற்றர் மோட்டர்கள், இசட்டுக்கு ஜப்பான் மோட்டர். பெயரில்லாதவற்றை எறியவில்லை. மீன் தொட்டிக்கு உணவு போடும் கருவி ஒன்றுக்கு அவை தாராளம்.

ட்ரைவரில் கரண்ட் வைப்பதில் பலர் குழம்பும் ஓர் இடம். மோட்டரில் எழுதிய 1.7 அம்பியரை நான் உச்ச அளவாக எடுக்கிறேன். டிஎம்சி 2209க்குச் சொல்லும் கணக்கு ஆர்எம்எஸ், அதாவது ஒரு வகைச் சராசரி, அளவில் இருக்கும், அதனால் 1.7ஐ 1.41ஆல் பிரிக்க வேண்டும், 1.2 வரும். அதிலும் கொஞ்சம் குறைத்து 1 அம்பியரில் விட்டேன். மே மாதம் தொடங்கி கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பட்டறைக்குள்ளேயே 34 பாகை தாண்டும். மோட்டர் கொயில்கள் 130 பாகை வரை தாங்கும் வகைதான், 80 பாகை உடல் சூடு அவற்றுக்குப் பெரிதில்லை. ஆனால் பிளாஸ்ரிக்கில் அச்சடித்த தாங்கி 60 பாகையிலேயே இளகும். அதனால் தாங்கிகளை 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் வெட்டினேன், தகடு சூட்டையும் இழுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மோட்டரைக் கையால் பிடித்து வைத்திருக்க முடிகிறது.

அதே ட்ரைவரில் சத்தமில்லாமல் ஓடும் முறை, ஸ்பிரெட் சைக்கிள் முறை என்று இரண்டு உண்டு. சத்தமில்லாதது கேட்க நன்றாக இருக்கும், வேகம் கூடினால் பிடி தளரும். செதுக்கும் இயந்திரத்துக்கு ஸ்பிரெட் சைக்கிள்தான். ஜிஆர்பிஎல்லில் $1 என்ற அமைப்பை 255 ஆக்கினேன். அப்போதுதான் மோட்டர்கள் நிற்கும்போதும் பிடியோடு நிற்கும். மின்சாரம் நின்றுவிட்டால் ரோட்டர் கிட்ட இருக்கும் பல்லுக்குத் தானாக நகர்ந்துவிடும், வெட்டும் நடுவில் அது வேண்டாத வேலை.

மோட்டரின் ஷாஃப்டில் நீளவாக்கில் அழுத்தம் கொடுக்கக் கூடாது. நெமா 17 தாள்களில் பெரும்பாலும் 10 நியூட்டன்தான் அனுமதி. ஸ்குரூவின் தள்ளலை வாங்க ஸ்குரூவின் முனையிலேயே தனி பேரிங் வைத்தேன், மோட்டர் சுற்றினால் மட்டும் போதும். பித்தளை நட்டின் ஆட்டத்தை ஸ்பிரிங் வைத்த இரட்டை நட் எடுத்துவிட்டது. இந்த இரண்டும் இல்லாமல் எந்த விலைக்கு மோட்டர் வாங்கினாலும் துல்லியம் வராது.

கடைசியாக உப்பு. கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். ஸ்டெப்பர் மோட்டரின் ரோட்டருக்கும் வெளிப் பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் துரு போனால் ரோட்டர் உரசும். நெமா 17இன் நடுப்பகுதி இரும்புத் தகடுகள் அடுக்கியது, பூச்சு மெல்லியது. வாடைக் காற்று மாதங்களில் சுவரே வியர்க்கும் ஊரில் அது சீக்கிரம் சிவக்கும். புதிய மோட்டரின் தகடுகளுக்கும் ஷாஃப்டுக்கும் துணியில் தொட்ட இயந்திர எண்ணெய் மெல்லியதாகப் பூசினேன், பேரிங் பக்கம் ஊற்றவில்லை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள். துரு உள்ளே போய்விட்டது என்று தோன்றினாலும் மோட்டரைத் திறந்து ரோட்டரை வெளியே இழுக்காதீர்கள். இந்த வகை மோட்டர்களைப் பூட்டிய பிறகுதான் காந்தமேற்றுவார்கள். ரோட்டரை வெளியே எடுத்தால் காந்தம் பலவீனமாகும், திரும்பப் பூட்டினாலும் பழைய டோர்க் வராது. திருத்துகிறேன் என்று ஒருவர் திறந்து பூட்டிய மோட்டர் ஒன்று என்னிடம் வந்தது. பார்வைக்குப் புதியது போலவே இருந்தது, அலுமினியக் கையைப் பூட்டி அளந்தால் பாதி டோர்க் கூட இல்லை.

இப்போது இயந்திரம் ஓடுகிறது. 100 மில்லிமீற்றர் சதுரம் வெட்டச் சொல்லி வேர்னியரில் அளந்தால் எக்ஸில் 99.96, வையில் 100.02. எக்ஸ் ஸ்குரூவின் சொந்தப் பிழை அது, மில்லிமீற்றருக்கு 800 என்பதை 800.3 ஆக்கித் திருத்திவிட்டேன். முதல் உருப்படியாக ஒரு சார்ஜர் போர்ட் வெட்டி, வார்னிஷ் பூசி, படகுக்குப் போய்விட்டது. அடுத்தது மீன் தேடும் கருவியின் பவர் போர்ட். அதில் கோடுகளுக்கு நடுவே இடைவெளி 0.2 மில்லிமீற்றர்தான், ஆகவே இன்னும் மெல்லிய நுனியுள்ள வெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.